டீச்சர் போட்ட நாற்பது கையெழுத்துகள்

மெத்தைக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஜன்னலோரத்து மேஜையில் ஐம்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி கண்ணை உருட்டி, வாயைக் கோணி, யாரையோ அடித்துவிடப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். புதிதாக வருகிறவர்கள் இரண்டடி பின்னால் போவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஒரு நடிகனின் முகத்தை வரைந்துகொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். அவன் முறைத்தால் இவளும் முறைப்பாள். அவன் உதட்டைக் கடித்தால் இவள் உதடும் பல்லுக்குள் போய்விடும். ஒருநாள் அழுகிற நடிகனை வரைந்து முடித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே எழுந்து வந்தாள். கேட்டதற்குத் தூசி என்றாள். அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் அவள் டீச்சர்.

அங்கே வரைவது ஜப்பானிய நடிகர்களின் முகங்கள். அந்த நாட்டில் கபுகி என்று பழைய நாடகம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் பேர்பெற்ற நடிகர்களின் முகங்களை மரப்பலகையில் செதுக்கி, வர்ணம் தடவி, தாளில் ஒற்றியெடுத்துத் தெருவில் விற்றிருக்கிறார்கள். அதில் மிச்சமிருக்கும் அசல்கள் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டன. அவற்றின் பெரிய புகைப்படங்களைப் பார்த்துக் கெட்டித்தாளில் தூரிகையால் அப்படியே வரைந்து கொடுப்பதுதான் இந்தப் பட்டறையின் தொழில். ஒரு படம் மூன்று கை மாறும். முதலாளி அளவெடுத்துப் பென்சிலில் லேசாகக் குறித்துக் கொடுப்பார். பின்னணியில் பூசும் மினுமினுப்பான அபிரகப் பொடியும், நடிகர்களின் அகலக் கை வைத்த அங்கிகளும் உடைக்காரர் வேலை. அவருக்குப் பெயரே அதுதான். முகம், முடி, விரல்கள், ஓரத்தில் மேலிருந்து கீழாக இறங்குகிற ஜப்பானிய எழுத்துகள், இவ்வளவும் டீச்சர்.

கேட்பதற்கு லேசாக இருக்கும். ஒரு முகத்துக்கு மொத்தம் முப்பது கோடு இருந்தால் அதிகம். அங்கேதான் வம்பே. மற்றப் படங்களில் கோடு பிசகினால் மேலே நிழலைப் பூசி மறைத்துவிடலாம். இதில் நிழலே கிடையாது. காதிலிருந்து தாடை நுனி வரை ஒரே இழுப்பு. நடுவில் கை நின்றால் அந்த நடிகனுக்குத் தாடை ஒடிந்துவிடும். நெற்றியோரத்து முடியோ அதைவிட மோசம். ஒவ்வொன்றும் தனித்தனி முடி, ஒவ்வொன்றுக்கும் முளைக்கிற இடம் தெரிய வேண்டும். முதலாளி ஒருமுறை பந்தயம் கட்டி அந்த முடியைப் போட்டுப் பார்த்தார். நடிகனுக்குச் சொறி வந்த மாதிரி ஆகிவிட்டது. டீச்சர் வேறு தாள் எடுத்துக்கொண்டாள்.

இந்தக் கை எங்கே பழகியது என்றால், கோப்பைத் தொழிற்சாலையில். கல்யாணமான புதிதில் அங்கே சேர்ந்து, தேநீர்க் கோப்பையில் ரோஜாப்பூ வரைந்தாள். ஒரு பூ, இரண்டு இலை, ஒரு மொட்டு. சுவரில் மாதிரிக் கோப்பை ஒன்று தொங்கும். ஓர் இதழ் அதைவிடப் பெருத்தாலும் மேற்பார்வையாளர் கோப்பையைத் தூக்கித் தொட்டியில் போட்டுவிடுவார். ஒரு நாளைக்கு முந்நூறு ரோஜா. பதினேழு வருஷம். தொழிற்சாலை மூடும்போது அவள் கையில் ஒரு சட்டம் ஆழமாக இறங்கிப்போயிருந்தது: எதிரே இருப்பது எதுவோ, அதுதான் இங்கேயும் இருக்க வேண்டும்.

அந்தச் சட்டத்தை இங்கேயும் விடவில்லை. அசல் படத்தில் பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் ஓட்டையை வரைவாள். யாரோ எப்போதோ தாளை நாலாக மடித்த தடம் இருந்தால் அந்தத் தடத்தையும் வரைவாள். அச்சு ஒற்றியபோது சிவப்பு கோட்டைத் தாண்டி நூலளவு வெளியே வழிந்திருந்தால், அதே நூலளவு அவள் படத்திலும் வழிந்திருக்கும். பூச்சி தின்றதையெல்லாம் யார் கேட்டார்கள் என்று முதலாளி முதலில் சலித்துக்கொண்டார். அது இருக்கிறதே என்றாள். பிறகு வாங்க வருகிறவர்கள் அந்த மடிப்பை விரலால் தடவிப் பார்த்து, மேடில்லாமல் வழுவழுவென்று இருப்பதைக் கண்டு வாயைப் பிளந்ததும் முதலாளி சலித்துக்கொள்வதை விட்டுவிட்டார்.

டீச்சர் என்ற பேர் வந்தது அவள் சேர்ந்த இரண்டாம் வாரத்தில். அவளுக்கு முன்னால் முகம் வரைந்தவர் முடித்து வைத்துப்போன படம் ஒன்று அனுப்பத் தயாராக இருந்தது. அதன் ஓரத்து எழுத்தில் ஒரு கோடு குறைகிறது என்று சாதாரணமாகச் சொன்னாள். முதலாளி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். குறைந்துதான் இருந்தது. ஜப்பான் பாஷை தெரியுமா என்று உடைக்காரர் மலைத்துப்போய்க் கேட்டார். அவள் சும்மா சிரித்தாள். மற்றதையெல்லாம் அந்தச் சிரிப்பே பார்த்துக்கொண்டது.

உண்மை என்னவென்றால், டீச்சருக்கு ஜப்பான் எழுத்தும் தெரியாது, தமிழ் எழுத்தும் தெரியாது. எந்த எழுத்தும் தெரியாது. சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலை அவள் மிதித்தது தம்பிமார்களைக் கொண்டுபோய் விடுவதற்கு மட்டும்தான். ஓரத்து எழுத்துகளை அவள் உருவங்களாகத்தான் பார்த்தாள். இது குடை பிடித்த ஆள், இது முக்காலி, இது ஏணியில் ஏறிப் பாதியில் நிற்கிறவன். பாதியில் நிற்கிறவனுக்கு ஒரு கால் இல்லை என்றால் யாருக்கும் தெரியத்தானே செய்யும்?

பதினான்கு வருஷம் அதை மறைத்துவிட்டாள். வருகைப் பதிவேட்டில் அலை மாதிரி ஒரு சுழிப்புப் போடுவாள். படித்தவர்களின் சுருக்கெழுத்து என்று நினைத்துக்கொண்டார்கள். எந்தப் படம், என்ன அளவு என்று எழுதிய சீட்டு வந்தால், இந்தக் கண்ணாடி வரைவதற்கு மட்டும்தான், படிக்கிற கண்ணாடி வீட்டில் இருக்கிறது, கொஞ்சம் படியுங்கள் என்பாள். பதினான்கு வருஷமாக ஒருத்தி கண்ணாடியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வருகிறாள் என்பதை ஒரு புத்திசாலியும் யோசிக்கவில்லை. முடியளவு கோடு போடுகிறவளுக்குச் சீட்டு படிக்கத் தெரியாது என்று யாருக்குத் தோன்றும்? விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் லிஃப்ட் பழுது பார்க்கிற அவள் கணவர். இன்னொருத்தி அவருடைய தங்கை, தெருமுனையில் தையல்கடை வைத்திருக்கிற நாத்தனார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில் ஒரு பெரிய ஓவிய விற்பனைக்கூடம் நாற்பது நடிகர் முகங்கள் வேண்டும் என்று கேட்டது. பட்டறைக்கு அதுவரை அப்படி ஒரு வேலை வந்ததில்லை. எட்டு மாதம் மூவரும் தலை நிமிரவில்லை. கடைசிப் படம் காய்ந்துகொண்டிருந்தபோது கூடத்திலிருந்து நாற்பது மெல்லிய அட்டைகள் வந்தன. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஒட்ட வேண்டியவை. கையால் வரைந்தது என்று அச்சடித்து, அதற்குக் கீழே முகம் வரைந்தவர் தன் கையெழுத்தைப் போட இடம் விட்டிருந்தது. முதலாளி அதைச் சந்தோஷமாகப் படித்துக் காட்டி, "எத்தனை வருஷமா படத்து ஓரத்துல யாரோ ஒரு ஜப்பான்காரர் கையெழுத்தைப் போட்டுக்கிட்டு இருக்கீங்க டீச்சர். இப்ப உங்களோடதைப் போடுங்க" என்றார். டீச்சர் அட்டைகளை அடுக்கிக் கட்டினாள். வீட்டில் வெளிச்சம் நன்றாக இருக்கும், அங்கேயே போட்டுக்கொண்டு வருகிறேன் என்று கட்டைத் தூக்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

நேரே தையல்கடைக்குத்தான் போனாள். நாத்தனார் அப்போது ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் நாலு குண்டூசி. அண்ணியின் பெயரைத்தானே, இதற்கா இவ்வளவு பதற்றம் என்று அளவுச்சீட்டு ஒன்றைத் திருப்பி, மை கக்குகிற பழைய பேனாவால் சரசரவென்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மூன்று நாளில் நாற்பது கையெழுத்தும் முடிந்தது. பேனா அவள் கைக்குப் படியவில்லை. அதனால் நீலத்தில் ஒரு சொட்டுக் கறுப்பைக் கலந்து, பேனா மையின் நிறத்தைப் பிடித்து, ஆக நுண்ணிய தூரிகையால் போட்டாள். ஒவ்வொன்றையும் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ரோஜாவுக்குப் பார்த்த அதே பார்வை. ஒன்றுகூடப் பிசகவில்லை.

படங்களைச் சரிபார்க்கக் கூடத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். நாற்பது முகங்களையும் சுவரோரம் நிறுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி தூரம் வரை முகத்தில் மலர்ச்சிதான். பிறகு அட்டைகளைக் கையில் எடுத்தார். இரண்டைப் பார்த்தார், நாலைப் பார்த்தார். ஜன்னலுக்குப் போய் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு கையெழுத்தும் ஒன்றாகிப்போயின. மூன்றாவது எழுத்துக்குக் கீழே மை கொட்டிய பொட்டு. இரண்டிலும் அதே இடம், அதே அளவு. கடைசி எழுத்தின் வாலில் பேனா திக்கிய இடைவெளி. அதுவும் அப்படியே. இன்னொன்றை எடுத்து வைத்தார். அதுவும் அப்படியே.

இது ரப்பர் முத்திரை என்றார் அந்த அம்மா. கோபப்படவில்லை, அலுப்போடு சொன்னார். நாற்பது தடவை ஒரே இடத்தில் யாருக்கும் மை கொட்டாது. கையெழுத்தையே இயந்திரத்தில் ஒற்றுகிறவர்கள் முகத்தை மட்டும் கையால் வரைந்திருப்பார்கள் என்று நான் எப்படி நம்புவது? படங்கள் வேண்டாம், கையால் வரைந்தது என்று அச்சுப்படத்தை விற்கிற இடம் இது என்று மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கும். முதலாளி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். உடைக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. "அம்மா, என்னை என்ன வேணாலும் சொல்லுங்க. டீச்சர் ஒருநாளும் ஏமாத்த மாட்டாங்க" என்றார்.

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். முதலாளி ஒரு வெற்று அட்டையையும் பேனாவையும் அவள் முன்னால் வைத்து, இங்கேயே ஒரு கையெழுத்துப் போட்டுக் காட்டிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது என்றார். அவருக்கு அது சின்ன விஷயம். அவளுக்கு அப்படியில்லை. போடாவிட்டால் எட்டு மாத உழைப்பும், அந்த நாற்பது முகங்களும் பொய்யாகிவிடும். போட்டால் பதினான்கு வருஷத்து டீச்சர் பொய்யாகிவிடுவாள். சுவரோரம் நின்ற முகங்களை ஒருமுறை பார்த்தாள். அவற்றை இயந்திரம் என்று சொல்லவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பேனாவை ஒதுக்கிவிட்டுத் தூரிகையை எடுத்தாள்.

கையெழுத்துக்குத் தூரிகை எதற்கு என்று அந்த அம்மா கேட்டார். டீச்சர் நீலத்தில் கறுப்பைக் கலந்தாள். அட்டையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள். பிறகு, முதலில் அந்தப் பொட்டை வைத்தாள். வெற்று அட்டையின் நடுவில் எழுத்தே இல்லாமல் மை கொட்டிய பொட்டு மட்டும் உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஓர் அரிசி அகலம் தள்ளி மூன்றாவது எழுத்தின் காலை இறக்கினாள். அங்கிருந்து தாவிப்போய்க் கடைசி எழுத்தின் வாலை இழுத்து, திக்க வேண்டிய இடத்தில் தூரிகையைத் தூக்கி, மறுபடி வைத்தாள். பிறகு இரண்டாம் எழுத்து. தன் பெயரின் முதலெழுத்தைக் கடைசியாகப் போட்டாள். கீழே மெத்தைக்கடையில் யாரோ பஞ்சு அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த அம்மா அட்டையை வாங்கிப் பழைய அட்டையின்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டும் ஒன்றாகிப்போயின. வெகுநேரம் கையை இறக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார். "உங்க பேரை எழுத நீங்க பொட்டுல இருந்தா ஆரம்பிப்பீங்க?"

முதலாளி முந்திக்கொண்டார். டீச்சருக்கு ஜப்பான் எழுத்துப் பழக்கம், அவர்கள் அப்படித்தான் எங்கேயாவது ஆரம்பிப்பார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். நல்ல மனுஷர். நழுவிப்போகத் தோதாக ஒரு கதவைத் திறந்து வைத்தார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், பதினான்கு வருஷம் பத்திரமாக இருக்கும். டீச்சர் தலையைக்கூட அசைத்துவிட்டாள் என்றே நினைக்கிறேன். ஆனால் எதிரே உடைக்காரர் நின்றார், ஒருநாளும் ஏமாற்ற மாட்டார்கள் என்று சொன்ன வாயோடு. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் முடியவில்லை.

"எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாதுங்க. இது என் நாத்தனார் எழுதினது. பார்த்து வரைஞ்சேன். மை கொட்டினது அவ பேனாவில. அதுவும் சீட்டுல இருந்துச்சு, அதனால அதையும் வரைஞ்சேன்."

முதலாளி பிடித்துக்கொண்டிருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா பூதக்கண்ணாடியை வாங்கி அந்தப் பொட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது என்று உடைக்காரர் பிற்பாடு சத்தியம் செய்தார். படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறோம் என்றார். இப்படி ஒரு கையை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்றும் சொன்னார். அட்டைகளை மட்டும் திருப்பி மேஜையில் வைத்தார்.

"இது உங்க நாத்தனார் கையெழுத்துதானே. இந்த முகங்களை அவங்க வரையலையே. எனக்கு உங்க கையெழுத்து வேணும்."

கைநாட்டு வைத்தால் போதுமே என்று முதலாளி பரிந்து பேசினார். டீச்சர் வேண்டாம் என்றாள். கல்யாணப் பதிவில், கோப்பைத் தொழிற்சாலையில், எத்தனையோ இடத்தில் வைத்தாயிற்று. இதில் வைக்க மனசில்லை. பத்து நாள் கொடுங்கள் என்று கேட்டாள்.

விஷயம் கேட்ட நாத்தனார் கத்திரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணி, நான் கொட்டின மையையுமா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மத்தியானம் மத்தியானம் கடைக்கு வந்துவிடுங்கள் என்றாள்.

நாலு எழுத்துப் பெயர். பத்து நாள் எதற்கு என்று தோன்றலாம். சிக்கல் அங்கேதான். நாத்தனார் அழகாக எழுதிக் காட்டினாள், டீச்சர் அதை அப்படியே போட்டாள். அது நாத்தனார் கையெழுத்து. அண்ணனைக் கொண்டு எழுதவைத்தாள், அப்படியே அண்ணன் கையெழுத்து வந்தது. துணி தைக்கக் கொடுக்க வந்த ஒருவரிடம் கெஞ்சி எழுதி வாங்கினாள், அவருடைய கிறுக்கல் அச்சாக வந்தது. உங்களிடம் ஊரே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் அண்ணி என்றாள் நாத்தனார். மாதிரியை எடுத்து ஒளித்துவைத்தால் டீச்சரின் கை அசையவே இல்லை. எதையும் பார்க்காமல் ஒரு கோடு போட்டு அந்தக் கைக்குப் பழக்கமே கிடையாது.

கடைசியில் நாத்தனார் பேனாவையும் தாளையும் தூர வைத்தாள். வெட்டு மேஜையில் கறுப்புத் துணியை விரித்து, துணியில் குறி போடுகிற சாக்குக்கட்டியைக் கையில் கொடுத்து, வாயால் மட்டும் சொன்னாள். மேலே ஒரு வளைவு, அங்கே இருந்து இறக்குங்கள், இந்தப் பக்கம் ஒரு சுழி, இதற்குச் சத்தம் இது. அந்தத் தட்டைச் சாக்குக்கட்டியில் நுணுக்கம் எல்லாம் வராது. எழுத்துகள் குண்டும் குழியுமாக, ஆளுக்கொரு திசையில் சாய்ந்தன. முடியை முடியாகப் போட்ட கை இப்படிக் கோணுகிறதே என்று நாலாம் நாள் டீச்சர் அழுதேவிட்டாள். பார்க்கச் சகிக்கவில்லை என்றாள். நாத்தனார் துணியை எடுத்துப் படார் படாரென்று உதறினாள். இல்லாவிட்டால் முந்தின கோணலைப் பார்த்து அதே கோணலை அண்ணி அச்சாக இறக்கிவிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் உதறல், ஒவ்வொரு தடவையும் வெறுந்துணி.

பட்டறையிலும் காலம் சீராகப் போகவில்லை. முதலாளி தினமும் காலையில் சீட்டுகளைக் கேட்காமலே உரக்கப் படித்தார். காது நன்றாகத்தான் கேட்கிறது என்று டீச்சர் சொல்ல வேண்டிவந்தது. உடைக்காரர் இரண்டு நாள் அவளை எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிடவில்லை. டீச்சரின் ஜப்பான் புலமையைத் தன் வீட்டில் அவ்வளவு அளந்திருந்தார், பாவம். மூன்றாம் நாள் தானே வரைந்து பார்த்த ஒரு முகத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, தாடை சரியாக இருக்கிறதா டீச்சர் என்று கேட்டார். சரியாக இல்லை. எங்கே கை நின்றது என்று காட்டிக் கொடுத்தாள்.

பத்தாம் நாள் நாற்பது புது அட்டையிலும் பேனாவால் கையெழுத்துப் போட்டாள். ஒன்றைப்போல ஒன்று இல்லை. ஒன்றில் முதலெழுத்து தொப்பை போட்டிருந்தது, இன்னொன்றில் கடைசி எழுத்து அட்டையை விட்டு ஓடப் பார்த்தது. சரியாகத்தான் இருக்கிறது என்று முதலாளி சொன்னார், உடைக்காரர் சொன்னார், நாத்தனார் சொன்னாள். டீச்சருக்கு நம்பிக்கை வரவில்லை. இத்தனை வருஷம் எதைப் போட்டாலும் மாதிரியோடு வைத்துப் பார்த்துச் சரியா தப்பா என்று அவளே சொல்லிவிடுவாள். இதை எதோடு வைத்துப் பார்ப்பது? இவர்களுக்கு அவள் பெயர் தெரியும். தெரிந்தவர்களுக்குக் கிறுக்கிக் கொடுத்தாலும் அந்தப் பெயராகத்தான் தெரியும். ராத்திரியெல்லாம் அது அரித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் படங்களை ஏற்றிப்போகக் கூடத்தின் வண்டிக்காரர் வந்தார். முன்பின் பார்த்திராத ஆள். பெட்டிகளை எண்ணிவிட்டுத் தன் படிவத்தை மேஜையில் வைத்தார். வரைந்தவர் பெயர் என்று அதில் ஓர் இடம் இருந்தது. முதல் பெட்டியில் இருந்த படத்தைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த அட்டையின்மேல் குனிந்தார். உடைக்காரர் சொல்லிக் கொடுக்க வாயைத் திறந்தார். டீச்சர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். வண்டிக்காரர் எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்தார். மூன்றாவது எழுத்தில் நின்றார். கண்ணைச் சுருக்கினார். மறுபடி முதலில் இருந்து தொடங்கி, கடைசி வரை ஒரே மூச்சில் சொன்னார். அவள் பெயரைத்தான் சொன்னார்.

"இது யாருங்க?" என்று கேட்டார், எழுதிக்கொண்டே.

"நான்தாங்க" என்றாள் டீச்சர். பிறகு, மீதி முப்பத்தொன்பதையும் படிக்கச் சொன்னாள்.